ஜப்பானில் எட்டு நாள், சைவ உணவோடு: கன்சாய் ஒன்றே போதும்

கேள்வி இதுதான். எட்டு நாள் விடுப்பு. உடன் வருவது அறுபது வயதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும். மூவரும் மீன், முட்டை தொடாத சைவம். டோக்கியோவில் இரண்டு நாள், ஹகோனேயில் ஒன்று, கியோட்டோவில் இரண்டு, ஹிரோஷிமாவில் ஒன்று, ஒசாகாவில் இரண்டு என்று போட்டிருக்கும் திட்டம் சரிவருமா? ஜப்பானின் பண்பாடு, சாப்பாடு, இயற்கை மூன்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சரிவராது. நிதானம் என்பதுதான் நோக்கம் என்றால் இந்தத் திட்டம் அதற்கு நேர் எதிர். ஜப்பானில் ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாளைத் தின்றுவிடும். காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். கோயில்களும் தோட்டங்களும் பெரும்பாலும் மாலை 5 மணிக்குள் கதவடைத்துவிடும், அதற்கு அரை மணி முன்பே டிக்கெட் தருவதை நிறுத்திவிடுவார்கள். ஐந்து ஊர் என்றால் நான்கு மாற்றம், அதாவது இரண்டு முழு நாள். விமானத்துக்குப் போகும் முதல் நாளையும் கடைசி நாளையும் கழித்தால் கையில் மிஞ்சுவது நான்கு நாள்தான். அதற்காகவா இவ்வளவு தூரம்?

டோக்கியோவையும் ஹிரோஷிமாவையும் இந்தமுறை விட்டுவிடுங்கள். ஒசாகாவைச் சுற்றியுள்ள கன்சாய் வட்டாரத்தோடு நின்றுகொள்ளுங்கள். கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்தே திரும்பலாம். கியோட்டோவில் நான்கு இரவு, கோயாசான் மலையில் ஒரு இரவு, ஒசாகாவில் இரண்டு இரவு. எந்த இடமும் அடுத்த இடத்திலிருந்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. சைவர்களுக்கு இதில் இன்னொரு லாபம்: ஜப்பானின் கோயில் சமையல் உயிரோடு இருக்கும் முக்கியமான இடங்கள் கியோட்டோவும் கோயாசானும்.

முதலில் செலவில் ஏமாறக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வாங்காதீர்கள். 7 நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் கட்டணம் ஏறக்குறைய 14,000 யென்; போய்வந்தாலே 28,000தான் ஆகும். கன்சாய்க்குள் மட்டும் சுற்றும் உங்களுக்கு அந்தப் பாஸ் தண்டம். அதைவிட முக்கியம், நீங்கள் ஏறப்போகும் கிந்தெட்சு, நான்கை, கெய்ஹான் ரயில்கள் எல்லாம் தனியார் தடங்கள். அந்தப் பாஸ் அங்கே செல்லாது. விமான நிலைய ஜேஆர் கவுண்டரில் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஐகோகா பயண அட்டை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டால் போதும். விலை 2,000 யென், அதில் 500 முன்பணம், 1,500 பயணத்துக்கு. இதில் பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். போனிலேயே அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். ஐபோனில் நடக்கும், ஆனால் ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அதற்கான சிப் செயல்படாது. ரொக்கம் எடுக்க செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்களே நம்பகமானவை. வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும்.

விசா பற்றி ஒரு வரி. மின்விசாவாகக் கிடைத்திருந்தால் அதை விமான நிலையத்தில் இணையத்தில் திறந்து, திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் அச்சுப் பிரதியும் செல்லாது. போனில் இணையம் இல்லாமல் கவுண்டரில் நின்று தவிப்பவர்கள் உண்டு, ஆகவே இ-சிம்மை ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் கறிவேப்பிலைக் கொத்து, மாம்பழம் போன்ற பச்சைப் பொருள் எதுவும் வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்றவற்றுக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை. மருந்தில் கவனம் தேவை: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகள் ஜப்பானில் தடை செய்யப்பட்டவை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அப்பாவின் மருந்துப்பையை ஒருமுறை அட்டை அட்டையாகப் பார்த்துவிடுங்கள்.

எப்போது போவது? கியோட்டோவில் செர்ரி பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். இலைகள் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இரண்டிலும் அழகும் கூட்டமும் ஒன்றாகவே வரும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையுள்ள கோல்டன் வீக் விடுமுறையையும் ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் (முன்னோர் வழிபாடு) நாட்களையும் கண்டிப்பாகத் தவிர்க்கவும். ஜூனிலிருந்து ஜூலை நடுவரை மழை. அதன்பின் மலைகள் சூழ்ந்த கியோட்டோ கிண்ணத்தில் 35 டிகிரி வெயிலும் புழுக்கமும் தேங்கி நிற்கும். சென்னைக்காரருக்கே மூச்சு முட்டும். பெற்றோருடன் போக நான் சொல்வது ஏப்ரல் நடு அல்லது அக்டோபர் கடைசி. அக்டோபர் கடைசியில் கியோட்டோவில் இலை சிவந்திருக்காது. ஆனால் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயாசானில் சிவக்கத் தொடங்கியிருக்கும்.

இனி சாப்பாடு. சைவர்கள் ஜப்பானில் தவறிவிடும் இடம் இறைச்சி அல்ல, தாஷி. கட்சுவோ என்ற சூரை வகை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோலக் காயவைத்துச் சீவுவார்கள். அந்தச் சீவலை வெந்நீரில் போட்டு வடித்த சாறே தாஷி. நம் சமையலில் புளிக்கரைசல் எப்படி எங்கும் இருக்கிறதோ அப்படி அங்கே இது எங்கும் இருக்கும். மிசோ சூப், உடோன் நூடுல்ஸின் சாறு, டெம்புரா தொட்டுக்கொள்ளும் ரசம், வேகவைத்த காய்கறி, இனாரி சூஷியின் டோஃபு உறை என எல்லாவற்றிலும் அது கரைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் "மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று மனதாரச் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் மீன் என்பது துண்டு, சாறு அல்ல. "வெஜிடேரியன்" என்ற சொல்லும் உதவாது. காய்கறி அதிகம் உண்பவர் என்றே பலர் புரிந்துகொள்வார்கள்.

சொல்ல வேண்டியது இது: "நிகு மோ சகானா மோ தாமாகோ மோ தபேமாசென். கட்சுவோ நோ தாஷி மோ தாமே தேசு." இறைச்சி, மீன், முட்டை மூன்றும் சாப்பிடமாட்டோம், கட்சுவோ தாஷியும் ஆகாது என்று பொருள். இதையே ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக் காட்டுங்கள். கூட்டம் ஏறும் மதியம் 12 மணிக்கு முன்னால் போய்க் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். முடியாது என்றால் முடியாது என்று தலைகுனிந்து சொல்லிவிடுவார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரியாமல் தப்பாகப் பரிமாறிவிடுவோமோ என்ற அச்சம்தான் அது.

கடைப்பொட்டலத்தில் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடம். கட்டாயமாகக் குறிப்பிட வேண்டியவற்றில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு எல்லாம் உண்டு. கட்சுவோ மீன் இல்லை. ஆகவே அந்தப் பட்டியல் காலியாக இருந்தாலும் உள்ளே தாஷி இருக்கலாம். கூகுள் மொழிபெயர்ப்புக் கேமராவால் முழுச் சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். ஊமெபோஷி என்ற உப்பிலிட்ட புளிப்புக் காய் வைத்த ஓனிகிரி சோற்று உருண்டையே ஓரளவு பத்திரம். அதிலும் சிலவற்றில் கட்சுவோ சேர்ப்பார்கள். ஜப்பானியக் கறிக் குழம்பு காய்கறி மட்டும் மிதந்தாலும் சைவமில்லை, மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உள்ளே இருக்கும். சூஷியில் வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி, ஊறுகாய் வைத்த ஷின்கோ மாகி இரண்டையும் கேளுங்கள். ஒசாகாவின் பெயர்பெற்ற ஓகொனோமியாகி என்ற அடையும் தகோயாகி என்ற மாவுருண்டையும் உங்களுக்கு இல்லை. மேலே தூவும் மீன் சீவலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் மாவையே தாஷியில்தான் கரைத்து வைத்திருப்பார்கள்.

இவ்வளவையும் படித்து மனம் தளர வேண்டாம். கியோட்டோவின் உண்மையான சமையல் பெருமை டோஃபுவும் யூபாவும் காய்கறியும்தான். யூபா என்பது சோயாப்பால் காயும்போது மேலே கட்டும் ஆடை. சூடாக எடுத்து, துளி சோயா சாஸும் வசாபியும் வைத்து உண்டால் பாலாடையின் மென்மை தெரியும். யூடோஃபு என்பது கோம்பு கடற்பாசி போட்ட வெந்நீரில் டோஃபுவை மெல்லச் சூடாக்குவது. பாத்திரத்தில் இருப்பது சைவம், தொட்டுக்கொள்ளும் சாறுதான் தாஷி கலந்தது. அதற்குப் பதில் வெறும் சோயா சாஸ் கேட்டால் போதும், தருவார்கள். நான்ஜென்ஜி கோயிலைச் சுற்றி யூடோஃபு கடைகள் பல உண்டு. இனிப்பில் பயம் குறைவு. மோச்சி நம் கொழுக்கட்டைக்கு நெருங்கிய உறவு: பசையரிசி மாவு, உள்ளே அசுகிப் பயற்றின் இனிப்புப் பூரணம். குழைவான ஜெல்லிகளில் கான்டென் என்றால் கடற்பாசி, உண்ணலாம். ஜெலட்டின் என்றால் கூடாது.

கியோட்டோவின் மூன்று பகல்களைத் திசை பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா நாளுக்கும் ஒரே விதி: விடியலில் வெளியே, பகல் 2 மணிக்கு அறையில், மாலையில் மறுபடி வெளியே. காலை 10 முதல் 3 வரைதான் கூட்டம் கொதிக்கும். முதலில் கிழக்கு: கியோமிசுதேரா கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது. அந்நேரம் போனால் மலைச்சரிவில் மரத்தூண்கள் தாங்கி நிற்கும் அந்த மேடையில் பத்திருபது பேர்தான் இருப்பார்கள். பத்தரைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர் தோள் மட்டுமே தெரியும். பேருந்து நிறுத்தத்திலிருந்து கால் மணி நேர ஏற்றம், ஆகவே போகும்போது டாக்ஸி எடுங்கள். மூன்று பேர் பங்கிட்டால் கட்டணம் உறுத்தாது. டாக்ஸிக் கதவு தானாகத் திறந்து மூடும், கைவைக்க வேண்டாம். திரும்பும்போது சன்னென்சாகா, நினென்சாகா கல்படிகள் வழியே இறங்கி நடங்கள். கடைகள் திறக்காத காலையில்தான் அந்தத் தெருவின் மரவீடுகளும் ஓட்டுக் கூரைகளும் கண்ணில் படும். கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் நுழைந்து படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும். கெய்கோ (கியோட்டோவின் கெய்ஷா), மைக்கோ (அதற்குப் பயிற்சி பெறுபவர்) பெண்கள் வேலைக்குப் போகும் வழி அது, மறித்து நிற்காதீர்கள்.

மேற்கு நாள் அராஷியாமா. மூங்கில் தோப்பு இரவும் பகலும் திறந்தே இருக்கும், 7 மணிக்கு அங்கே இருங்கள். 8:30க்குத் தென்ரியூஜி தோட்டம் திறக்கும். 1339-ல் தொடங்கிய இந்தக் கோயிலின் குளத்தோட்டம் முசோ சொசெகி என்ற துறவி அமைத்தது. எதிரே உள்ள மலையையே தோட்டத்தின் பின்சுவராக்கியிருப்பார். கடன் வாங்கிய காட்சி என்று அவர்கள் இதைச் சொல்வார்கள். வராந்தாவில் உட்கார்ந்து பாருங்கள், நடந்துகொண்டே பார்த்தால் இது பிடிபடாது. கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற உணவகம் துறவிகளின் ஷோஜின் உணவைப் பரிமாறுகிறது. மதியம் மட்டும், தோட்ட நுழைவுக் கட்டணம் தனி. முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

அதன்பின் இயற்கைக்கு இங்கே ஒரு அருமையான சுற்று உண்டு. சாகானோ சுற்றுலா ரயில் ஹோசு ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி 7.3 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடும். ஐந்தாம் பெட்டிக்குச் சன்னல் கண்ணாடி கிடையாது. கமேயோகாவில் இறங்கினால் அதே ஆற்றில் 16 கிலோமீட்டர் படகில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பாறைகளுக்கிடையே அராஷியாமாவுக்கே திரும்பி வந்து இறங்கலாம். படகோட்டிகள் மூங்கில் கழியால் பாறையை ஊன்றித் தள்ளும் லாவகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரயில் குளிர்காலத்திலும் பல புதன்கிழமைகளிலும் ஓடாது. வெள்ளம் வந்தால் படகும் நிற்கும். அப்பா, அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் படகை விட்டுவிடுங்கள், பலகையில் அவ்வளவு நேரம் உட்காருவது சிரமம். அன்று கின்காக்குஜியையும் சேர்க்கலாமா என்று தோன்றும். பொற்கோயில் அழகுதான், 1950-ல் எரிக்கப்பட்டு 1955-ல் மீண்டும் கட்டப்பட்டது. ஆனால் அங்கே உட்கார இடமில்லை, ஒருவழிப்பாதையில் நகர்ந்துகொண்டே பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். என் தேர்வு ரியோவான்ஜி கோயிலின் கல்தோட்டம். வெண்சரளைப் பரப்பில் 15 கற்கள். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும்.

கியோட்டோவின் மூன்றாம் பகல் தெற்கே நாரா. ஜேஆர் நாரா தடத்திலேயே இனாரி, ஊஜி, நாரா மூன்றும் வரிசையாக வருகின்றன. இங்கே பலர் செய்யும் பிழை, கியோட்டோவில் முதலில் வரும் விரைவு ரயிலில் ஏறிவிடுவது. அது இனாரியில் நிற்காது. எல்லா நிலையத்திலும் நிற்கும் சாதாரண வண்டியில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். இனாரியில் உள்ள ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நேரமும் கட்டணமும் கிடையாது. மலை 233 மீட்டர்தான், ஆனால் முழுச் சுற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரப் படி. செந்நிறத் தோரணவாயில்கள் நெருக்கமாக நிற்கும் வழி முடியும் ஒகுஷா சன்னிதி வரை பெற்றோருக்குப் போதும், கால் மணி நடை. ஷின்டோ கோயிலில் இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது வழக்கம். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது.

ஊஜியில் 1053-ல் கட்டிய பியோடோயின் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம் இருக்கிறது. கையிலுள்ள 10 யென் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே கட்டடம். மண்டபத்துக்குள் போக உள்ளே தனி டிக்கெட், ஒரு முறைக்கு 50 பேர். வாசலில் நுழைந்ததும் முதலில் அதை வாங்கிவிட்டுத்தான் குளத்தைச் சுற்ற வேண்டும். மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் குடிக்க ஊஜியைவிட நல்ல இடமில்லை. உசுச்சா என்ற மெல்லிய வகைக்கு இரண்டு கிராம் பொடி, 70 மில்லி நீர், 80 டிகிரி அளவில். கொதிநீர் ஊற்றினால் கசப்பு ஏறிவிடும். கூட வரும் இனிப்பை முதலில் முழுதும் தின்றுவிட்டு, பிறகு குடிக்க வேண்டும். நாம் காபிக்கு முறுக்கு கடிப்பதுபோல மாற்றி மாற்றி உண்டால் இரண்டின் சுவையும் கலங்கும்.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம். 752-ல் அந்தச் சிலைக்குக் கண்திறந்தவர், 736-ல் சீனா வழியாக ஜப்பான் வந்த இந்தியத் துறவி போதிசேனர். தூரிகையில் கட்டிய நீண்ட கயிறுகளை அரச குடும்பத்தாரும் கூட்டத்தாரும் பிடித்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. இப்போதுள்ள மண்டபம் 1709-ல் கட்டி முடிந்தது, பழையதைவிடச் சிறியது. இதுவே சிறியது என்றால் அது எப்படி இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் விளங்கும். மான்களுக்குப் பூங்காவில் விற்கும் தவிட்டு வில்லையைத் தவிர வேறெதுவும் தராதீர்கள். வில்லையைக் காட்டிக் காக்கவைத்தால் கடிக்கும். தீர்ந்ததும் இரு கைகளையும் விரித்துக் காட்டினால் போய்விடும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்களுக்கும், மே ஜூனில் குட்டி ஈன்ற தாய்களுக்கும் விலகி நில்லுங்கள். திரும்பும்போது ஜேஆருக்குப் போகாமல் பூங்காவுக்குப் பக்கமான கிந்தெட்சு நாரா நிலையத்தில் ஏறினால் முக்கால் மணியில் கியோட்டோ.

பயணத்தின் ஐந்தாம் நாள் கோயாசான். இந்தப் பயணத்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அன்று காலை பெரிய பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பில் தக்கியுபின் என்ற கூரியரில் ஒசாகா ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டிக்கு இரண்டாயிரம் சொச்சம் முதல் மூவாயிரம் யென். மறுநாள் அங்கே இருக்கும், நீங்களும் மறுநாள்தான் போவீர்கள். படிவத்தில் ஒசாகா ஹோட்டலில் பதிவு செய்த பெயரையும் தங்கப்போகும் தேதியையும் அப்படியே எழுத வேண்டும். பெயர் மாறினால் பெட்டி யாருடையது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். ஓரிரவுக்கான துணி, மருந்து, ஒரு ஸ்வெட்டரைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோவிலிருந்து ஜேஆரில் ஒசாகா, அங்கிருந்து வட்டத்தடத்தில் ஷின்-இமாமியா, பிறகு நான்கை கோயா தடம். ஹஷிமொத்தோவைத் தாண்டியதும் ரயில் ஒற்றைத்தடத்தில் வளைந்து வளைந்து மலையேறும். கடைசி நிலையம் கோகுராகுபஷி. அங்கிருந்து கேபிள் ரயில் ஐந்தே நிமிடத்தில் 330 மீட்டர் செங்குத்தாக ஏற்றிவிடும். மேலே நிலையத்திலிருந்து ஊருக்குப் பேருந்தில்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குள் சேர்ந்துவிடலாம். மேலே உணவகங்கள் குறைவு, மதிய உணவைக் கையில் கொண்டுபோங்கள்.

குகாய் என்ற துறவி 816-ல் நிறுவிய, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் தலம் இது. நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள், அவற்றில் ஐம்பதளவில் யாத்ரீகர்களைத் தங்கவைக்கின்றன. ஷுகுபோ என்று பெயர். ஒருவருக்கு இரண்டு வேளை உணவோடு 15,000 யென் அளவில் தொடங்கும். மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், சாப்பாடு ஐந்தரை அல்லது ஆறு மணி, தாமதித்தால் ஊரில் வேறு வழியில்லை. பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் எழுதுங்கள்: முழங்கால் வலி இருந்தால் சாப்பிடத் தாழ்வான நாற்காலி வேண்டும் என்று, படுக்கை தரையில் விரிக்கும் ஃபுத்தோன்தானா, கட்டில் உள்ள அறை உண்டா என்று. குளியலறையும் பல விடுதிகளில் கழிப்பறையும் பொதுவானவை. வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும், துண்டை நீரில் முக்கக் கூடாது. யுகாத்தா உடையில் இடது பக்கம் மேலே வரவேண்டும். வலது பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு.

சிவப்பு அரக்குத் தட்டுகளில் இரவுச் சாப்பாடு வரும். இங்கே நீங்கள் எதையும் விசாரிக்க வேண்டாம். இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட ஷோஜின் சமையலில் ஆகாது. சாறு கோம்புவிலும் ஷிட்டாக்கே காளானிலும் எடுத்தது. கோயாடோஃபு இந்த மலையின் குளிரில் உறையவைத்து உலர்த்தப் பழகிய டோஃபு, கடற்பஞ்சுபோலச் சாற்றைக் குடித்திருக்கும். எள்ளை அரைத்து, குட்சுக் கிழங்கு மாவோடு நீரில் கிளறி எடுக்கும் கோமாடோஃபுவில் சோயாவே கிடையாது. கிளறுவதை ஒரு நிமிடம் நிறுத்தினாலும் கட்டி தட்டிவிடும். களி கிண்டிய கைக்கு இது புரியும். முதல் வாயில் உப்பும் காரமும் இல்லையே என்று தோன்றும். பொடியை எடுக்காமல் பொறுங்கள், நான்காவது கிண்ணத்தில் நாக்கு பழகிவிடும்.

இரவு உணவுக்குப் பின் ஒகுனோயின் போங்கள். இச்சினோஹஷி பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், வானுயர்ந்த சுகி மரங்களுக்கிடையே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஐந்தடுக்குக் கற்களைக் கவனியுங்கள்: அடியில் சதுரம் நிலம், அதன்மேல் உருண்டை நீர், கூம்பு தீ, அரைவட்டம் வளி, உச்சியில் மணிபோன்றது வெளி. அதே பஞ்சபூதம்தான், பல கற்களில் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் வடமொழி ஒலிகளும் பொறித்திருக்கும். புதிய பகுதியில் கறையான் ஒழிக்கும் தொழிலினர் கறையான்களுக்கே எழுப்பிய நினைவுக்கல்லும் உண்டு. கோபியோபஷி பாலத்தைத் தாண்டினால் படமெடுக்கக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். அப்பால் குகாய் இருக்கிறார். இறந்தார் என்று சொல்வதில்லை, 835 முதல் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. ஜீவசமாதி அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10:30க்கும் துறவிகள் மரப்பெட்டியில் அவருக்கு உணவு சுமந்து போகிறார்கள். விடுதியின் காலை வழிபாடும் ஆறு, ஆறரைக்கே நடப்பதால் ஒன்றை விட வேண்டியிருக்கும். வழிபாட்டில் உட்காருங்கள், உணவு ஊர்வலத்தை 10:30க்குப் பார்க்கலாம். சில விடுதிகளில் காலையில் கோமா என்ற தீச்சடங்கு உண்டு. பெயரும் செயலும் ஹோமம்தான். அப்பா, அம்மாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிராது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனியும் வழுக்கலும் இருக்கும், அவர்களோடு அப்போது வேண்டாம்.

ஒசாகாவின் இரண்டு இரவை நம்பா பக்கத்தில் வையுங்கள். கோயாசான் ரயிலும் விமான நிலைய ரயிலும் அங்கேயே வருகின்றன. பெட்டிகள் காத்திருக்கும், முதல் மாலை துணி துவைக்கவும் தொதொன்போரி கால்வாயோரம் உலாவவும் சரியாக இருக்கும். அடுத்த நாளை நிரப்பாதீர்கள். ஒரே ஒன்று மட்டும்: நீங்கள் போகும் மாதத்தில் தேசிய புன்ராகு (பொம்மலாட்டம்) அரங்கில் நிகழ்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள், ஆண்டு முழுதும் இருக்காது, ஜனவரி, ஏப்ரல், கோடை, நவம்பர் என்று பருவமாக நடக்கும். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலைவர் தலையையும் வலக்கையையும், ஒருவர் இடக்கையையும், ஒருவர் கால்களையும் இயக்குவார். பக்க மேடையில் ஒரே கதைசொல்லி எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார், ஷமிசென் என்ற நரம்பிசைக் கருவி கூடவே வரும். முழு ஆட்டம் நான்கு மணி நேரத்தைத் தொடும். ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் கிடைத்தால் அதுவே பெற்றோருக்குப் பொருத்தம்.

கிளம்பும் நாளில் நம்பாவிலிருந்து விமான நிலையம் முக்கால் மணி நேரம். ஐகோகா முன்பணம் 500 யென் ஜேஆர் கவுண்டரில் திரும்பக் கிடைக்கும். மிச்சப் பணத்திலிருந்து 220 யென் கழிப்பார்கள்; மிச்சம் பூஜ்யம் என்றால் எதுவும் கழியாது. ஆகவே அட்டையில் கிடக்கும் சில்லறையை முதலில் யாட்சுஹஷி வாங்கித் தீர்த்துவிடுங்கள். பட்டை மணக்கும் அந்த அரிசிமாவு இனிப்பில் மென்மையான வகை சில நாளே தாங்கும். ஊரில் பலருக்குப் பங்கிட வேண்டுமென்றால் சுட்ட மொறுமொறுப்பான வகையை எடுங்கள்.